எனக்க பிள்ளைக்க சத்தம்

டிக்சன் சின்னப் பிள்ளையாயிருக்கும்போதே அவன் அப்பன் ரபேல் குமரி மாவட்டத்துக் குறும்பனைக் கடலை விட்டுவிட்டு, வள்ளத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, குடும்பத்தோடு கேரளத்துக்கு, குளத்தூர் கரைக்கு வந்து சேர்ந்தவர். எல்லை தாண்டினால் என்ன, அதே கடல், அதே மாதா என்று நினைத்தார் மனுஷன். பள்ளிக்கூடம் அப்படி நினைக்கவில்லை. மலையாளம் நாக்கில் ஏறாத தமிழ்ப் பையனைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டது.

பள்ளி நாடகத்தில் அவனுக்கு முதலில் கிடைத்த வேஷம் மரம். அடுத்து ஊமைப் பிச்சைக்காரன். வாயைத் திறக்காதவரை நீ நல்ல நடிகன் என்றார் சார். அதைப் பாராட்டு என்று நம்பி அம்மாவிடம் ஓடினான், பாவம்! அன்று பிடித்த கிறுக்குதான். வளர்ந்து பெயின்டு அடிக்கப் போனபோதும், நகரத்தில் படப்பிடிப்பு என்று காதில் விழுந்தால் பிரஷைப் போட்டுவிட்டு ரயிலேறிவிடுவான். கல்யாணப் பந்தலில் சோறு தின்றான், கலவரத்தில் ஓடினான், பிணமாகவும் கிடந்தான். பேச மட்டும் ஒருத்தனும் விடவில்லை.

கடைசியில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மலையாளப் படம்தான், ஆனால் செக்போஸ்டில் மாட்டிக்கொள்ளும் தமிழ் லாரிக்காரன் வேஷம். கெஞ்சிப் பேச வசனம் உண்டு. சொந்த பாஷை! டிக்சன் பேசி முடித்ததும் டைரக்டரே தோளில் தட்டினார்.

அவன் அம்மா குளோரிக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போயிருந்தது. “முகம் காணண்டாம் மக்கா. உனக்க சத்தம் மட்டும் கேட்டா மதி,” என்றாள். தெரு முழுக்கச் சொல்லி, நெய்யாற்றின்கரை தியேட்டருக்குப் போக வேனும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

படம் வர ஒரு வாரம் இருக்கும்போது படக் கம்பெனி மானேஜர் போன் பண்ணினார். உன் தமிழ் மலையாளம் போலக் கேட்கிறது, அதனால் சென்னைக்காரன் ஒருவனை வைத்து டப்பிங் முடித்துவிட்டோம் என்றார். பள்ளிக்கூடத்தில் பாண்டி, சினிமாவில் மலையாளத்தான்! இரண்டுங்கெட்டான் பிழைப்பு இதுதான். டிக்சனுக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் முட்டியது. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டுமென்று தினமும் பக்கத்தில் போய் உட்காருவான். அவள் எந்தச் சேலை உடுத்தட்டும் என்று கேட்பாள். ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

தியேட்டரில் அவள் அவன் கையைப் பிடித்தபடி இருந்தாள். திரையில் லாரிக்கதவு திறந்து டிக்சன் இறங்கியதும் வேன்காரர் ஜெயன் விசிலடித்தார். தெருவே கைதட்டியது.

“ஒச்சை போடாதீங்கோ, எனக்க பிள்ளை பேசப் போறான்,” என்றாள் குளோரி.

எல்லாரும் அடங்கினார்கள். எவனோ ஒருத்தனின் கனத்த குரல் டிக்சனின் வாயிலிருந்து வந்தது. கெஞ்சி முடித்தது. லாரியும் போய்விட்டது. கைதட்டியவர்கள் டிக்சனைத் திரும்பிப் பார்த்தார்கள்; அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்கள். குளோரி மட்டும் காதைச் சாய்த்தபடியே காத்திருந்தாள்.

பிறகு அவன் கையை மெல்ல அமுக்கினாள்.

“அவன் பேசி முடிச்சாச்சு. இனி நீ பேசு மக்கா.”