புகைக்குழாயில் மைனஸ் பன்னிரண்டு

பிள்ளைக்கு இன்றோடு முப்பது நாள். எனக்கும் பிள்ளைக்கும் குளிக்க வெந்நீர் போட, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் கட்டிகளில் எரியும் அடுப்பு ஒன்றைப் போன வாரம் குசினியில் பொருத்தினோம். அன்றிலிருந்து வீடெல்லாம் புகை. பிள்ளை இருமும்போதெல்லாம் எனக்குப் பயம்.

இன்று காலை, அடுப்பைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் செண்டாயான் ஊரிலிருந்து வந்தார். புகைக்குழாயில் சின்ன ஓட்டை போட்டு காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரின் டியூப்பைச் சொருகினார்.

"மைனஸ் காட்டணும் தங்கச்சி. அப்பத்தான் குழாய் புகைய மேல இழுக்குதுன்னு அர்த்தம். இது பிளஸ்ல நிக்குது. சன்னல் எல்லாம் ஏன் சாத்திருக்கு?"

"பச்சப்புள்ளைக்குக் காத்து பட்டுடும்ல," என்றார் மாமியார்.

"எக்ஸாஸ்ட் ஃபேன்?"

"புகை போகட்டும்னு நான்தான் போட்டேன்," என்றேன்.

"வெளிக்காத்து உள்ள வர வழியே இல்லலா. அதான் ஃபேன் குழாய்ப் புகைய வீட்டுக்குள்ள இழுக்குது."

ஃபேனை நிறுத்திச் சன்னலைத் திறந்தார். மீட்டரில் மைனஸ் பதினெட்டு பாஸ்கல். "கூடிப்போச்சு, சூடெல்லாம் மேல போயிடும்," என்று குழாய்க்குள் இழுப்பைக் குறைக்கும் தகட்டைத் திருப்பிப் பன்னிரண்டில் நிறுத்தினார். புகை நின்றது.

மாமியார் மீட்டரைப் பார்த்தார். போய்ப் பிள்ளைக்கு இரண்டாவது தொப்பியை மாட்டினார்.

சன்னல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. இப்போது குளிர்ந்திருக்கிறதா என்று பிள்ளையின் காதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது நான்தான். உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த எத்தனையாவது நாள் சன்னலைத் திறக்க விட்டார்கள்?