தலைகீழாகப் பிடித்த வரைபடம்

பத்மா டீச்சர் இறந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் இரண்டாவது மாடிக்காரர். மராத்தி பேசும் வானவடியில் டீச்சரும் அவரும் இருந்த குடியிருப்பு வாசலில் இஸ்திரி போடுகிறவன் நான். "கோந்த்வா ஏரியால மக வீட்லதான் இறந்தாங்களாம். ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. அந்த வெள்ளைச் சட்டைய கொஞ்சம் சீக்கிரம் குடுங்க" என்றார். சாவு வீட்டுக்கும் மடிப்புக் கலையாமல் போகிற மனிதர்.

டீச்சர் நினைவாக இங்கே கூடியிருக்கிற உங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் தெரிந்திருக்கும். கார் நிறுத்துமிடத்தில் ஏழெட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து, வரைபடம் போடவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப்பெயர், தெருப்பெயர் எல்லாம் தமிழில்தான் எழுதவேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டையே பெரிதாக வரையும். "உங்கப்பா மாதிரியே இருக்க. அழி. காலால நடந்து எண்ணிட்டு வந்து வரை" என்பார்.

இரண்டாவது மாடிக்காரர் ஒருநாள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் போன்லயே இருக்கே டீச்சர்?" என்றார். "போன் கூட்டிட்டுப் போகும் சார். ஆட்டையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போறாங்க" என்றார் டீச்சர்.

இன்னொரு நாள் பிள்ளைகள் வரைந்த தாளை என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. படத்தில் குல்மோகர் மரம் இருந்தது, என் வண்டி இருந்தது. எதிரே நின்ற மரத்துக்கு நேராகப் படத்து மரம் வரும்படி தாளைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தன. மாடிக்காரர் அதிகமாகச் சிரித்தார். "தலைகீழாப் பிடிச்சிருக்காரு பாரு!"

"படத்துல மேல் பக்கம் வடக்கு, அவர் தெற்கப் பாத்து நிக்கறார். எழுத்து தலைகீழாத்தான் இருக்கும். இங்க சரியாப் பிடிச்ச ஆள் அவர் ஒருத்தர்தான்" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆறுமுகம், நாளையிலேர்ந்து எழுத்தும் படிக்கிறீங்க" என்றார். எழுபத்தொரு வயதில் 'மரம்' படித்தேன். அன்று முழுவதும் கண்ணில் பட்ட பலகையெல்லாம் படித்தேன். பாதி மராத்தி. அவற்றை விட்டுவிட்டேன்.

அவர் இறந்த அன்று குடியிருப்பிலிருந்து மூன்று கார்கள் போனைப் பார்த்துக்கொண்டு கிளம்பின. எனக்கு யாரும் இடம் தரவில்லை. டீச்சர் மகள் வீடுவரை பிள்ளைகள் வரைந்த வழிப்படம், டீச்சர் எனக்குப் படிக்கக் கொடுத்தது, என் வண்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு நடந்தேன். படத்தில் ராணுவப் பகுதிச் சாலையின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதன் பக்கத்தில் எழுதியிருந்ததை நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'மதியம் மூடிவிடுவார்கள்.' ஓடையோரப் பாதையில் திரும்பினேன். வேகமாக நடந்தால் முகம் பார்க்கலாம், நின்றால் இல்லை. நிற்கவில்லை.

பார்த்தேன். வாய்க்கரிசி போட்டேன்.

டீச்சரை ஏற்றிய வண்டி புறப்பட்டுப் போன பிறகு கார்கள் வந்தன. மூடிய கேட்டில் நின்று, சுற்றிக்கொண்டு வந்தார்களாம். வெள்ளைச் சட்டை வியர்த்துக் கசங்கியிருந்தது. "நீங்க எப்படி எங்களுக்கு முன்னாடி வந்தீங்க?" என்று கேட்டார் மாடிக்காரர்.

"படிச்சு வந்தேன் சார்."

இப்படிச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. டீச்சர் எனக்குத் தந்தவற்றில் இந்தப் பதிலை நான் வைத்துக்கொள்கிறேன்.