கராச்சி ரொட்டிக் கடையில் காய்ந்த தோல்கள்

1935 ஜூலை 15, திங்கட்கிழமை. ரயிலில் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். சவரம் செய்துகொண்டு, முந்திய நாள் குறிப்பை டைரியில் எழுதினேன். கராச்சியில் இறங்கியதும் முகத்தில் அடித்த கடற்காற்று இதமாக இருந்தது. அதையும் எழுதி வைத்தேன். அந்தக் காற்றுதான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர். நாங்கள் கப்பலில் அனுப்பிய ஆட்டுத்தோலில் கறை இருக்கிறது, பதனிட்டதே சரியில்லை என்று லண்டன் வியாபாரி ஒருவர் சரக்கை ஏற்க மறுத்துவிட்டார். கப்பலில் ஈரம் பட்டு வந்த கறை என்பது எங்கள் கட்சி. ஒவ்வொரு சரக்கிலும் சில தோல்களை முதுகோடு இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அனுப்பி, மறு பாதியைக் கிடங்கில் வைப்பது எங்கள் வழக்கம். கறையில்லாத அந்தப் பாதிகளை லண்டனில் மத்தியஸ்தர் முன் காட்ட வேண்டும். தோற்றால் ஷாப்பை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை நம்பி இருந்தவை ஒரு தெரு முழுக்கக் குடும்பங்கள்.

கப்பலில் போனால் நாள் தப்பிவிடும். அதனால் கராச்சி வரை ரயில், அங்கிருந்து அலெக்சாண்டிரியாவுக்கு விமானம், கடல் விமானத்தில் இத்தாலி, மறுபடி ரயிலில் பாரிஸ், பிறகு லண்டனுக்கு விமானம் என்று ஏற்பாடாயிற்று. விமானத்தில் ஆளையும் மூட்டையையும் சேர்த்தே நிறுப்பார்கள், ஓர் அளவைத் தாண்டக் கூடாது. புறப்படுமுன் ஆம்பூர் ஸ்டேஷன் தராசில் தோல் மூட்டையோடு ஏறி நின்று சரிபார்த்தேன்.

வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த ஷாப் மேஸ்திரி சிரித்தார். "இன்னா ரைட்டரே, உங்களையும் தோலு மாதிரி எடை போட்டுட்டாங்க. ஃபஸ்ட் நம்பரா, ரிஜெக்டா?"

"மூட்டைய பாத்து ஏத்துங்க மேஸ்திரி" என்றேன். எடை அளவுக்குள் கச்சிதமாக நின்றதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

கராச்சி விமானக் கம்பெனித் தராசில் இரண்டு ராத்தல் கூடுதலாகக் காட்டியது. கோட்டு, செருப்பு, மாற்று வேட்டி எல்லாவற்றையும் கழித்தும் முள் இறங்கவில்லை. தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் தோல் விற்க வருகிறவர்களிடம் எடையைக் கழித்தே வாங்குகிறவன் நான். எனக்கே அது மறந்துவிட்டது. மூட்டையில் ஒரு பாதியையும் விட்டுப்போக முடியாது. எத்தனை வருகின்றன என்று முதலாளி லண்டனுக்குத் தந்தி கொடுத்திருந்தார். ஒன்று குறைந்தால் கறை பட்டதை ஒளித்துவிட்டோம் என்பார்கள்.

விமானத்தில் வேறு இடமில்லை. மாலை ஐந்து மணிக்குள் எடை குறையாவிட்டால் என் இடம் காத்திருப்பவருக்கு என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அடுத்த விமானத்தில் போனால் விசாரணை முடிந்திருக்கும்.

மூட்டையைச் சுமந்துகொண்டு, தோலை உலர்த்த இடம் தேடித் தெருவில் இறங்கினேன். சலவைக் கடையில் ஆவி, அது ஆகாது. வெயிலும் இல்லை. ஒரு சந்தில் ரொட்டிக் கடைச் சுவர் தோளில் உரசியது. சுட்டது. உள்ளே தாடி வைத்த ஒருவர் படுத்திருந்தார். எங்கள் ஊரில் பழகிய இந்துஸ்தானியில் பேசினேன். அவர் சொன்னதை எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

"இது ரொட்டி சுடற எடம். செருப்பு சுடற எடம் இல்ல."

ஒரு தோலை மோந்து பார்த்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்டது, நாற்றம் இராது. காரணம் கேட்டார். சொன்னேன்.

"அடுப்பு மேல வேணாம், கருகிடும். பின்னாடி செவுத்துல கட்டு. நாலு மணிக்கு நான் வேலைய ஆரம்பிக்கணும்."

கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சூடு கூடினால் தோல் சுருங்கும், கருத்தால் அதுவே கறையாகிவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி நடந்தேன். திடீரென ஒரு பாதியின் ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. அவர் எழுந்து வந்து அதை வெறும் கையால் இழுத்து, சுவருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மாவுச் சாக்கைச் செருகினார்.

"ரொட்டின்னா கருகின எடத்த கிள்ளிப் போட்டுடலாம். இதுல முடியாதே."

கைக்குட்டையால் துடைத்தேன். வெறும் புகைக்கரி. துடைத்ததும் போய்விட்டது.

நாலு மணிக்குத் தோல்களை மெழுகுத்துணியில் சுற்றி, உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கொடுத்த காசை அவர் தொடவில்லை. காலையில் சுட்ட ரொட்டி ஒன்றை நீட்டியவர், உடனே கையை இழுத்துக்கொண்டார். "இப்ப தின்னா எடை ஜாஸ்தியாய்டும். போய்ட்டு வா."

தராசில் ஏறி நின்றபோது முள்ளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குமாஸ்தா தலையசைத்து மூட்டைக்கு முத்திரை வைத்தார். அந்த முத்திரை லண்டனில்தான் உடைந்தது. பாதிகள் பொருந்தின, சரக்கை ஏற்றுக்கொண்டார்கள், ஷாப் மூடவில்லை. பாலைவனத்தின் மேலும் கடல் மேலும் பறந்ததைப் பற்றித்தான் இன்றும் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

எனக்கு நினைவிருப்பது கராச்சியில் எடை போட்ட மறுநாள், விமானம் ஏறிய காலை. பல வருஷங்களாக என் நாள் டைரியில்தான் தொடங்கும். அன்று அதைத் திறக்கவில்லை. விமானக் கம்பெனி பஸ் வருமுன் முதல் காரியமாக அந்தச் சந்துக்குப் போனேன். அவர் மாவு பிசைந்துகொண்டே நிமிர்ந்தார். "எடை நின்னுச்சா?" "நின்னுச்சு" என்றேன். ரொட்டியை வாங்கி அங்கேயே நின்று தின்றேன். அவர் பெயர் கேட்கத் தோன்றவில்லை. என் டைரியில் இன்னும் நிரப்ப முடியாமல் இருக்கும் ஒரே இடம் அதுதான்.