நிற்கும் பம்பின் நடுக்கம்

இந்த ஓமான் நாட்டில் நலம் விசாரிக்கவே நல்ல நேரம் பிடிக்கும். வேலை எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "தமாம்." நன்று என்று பொருள். காய்ச்சலோடு நிற்பவனும் அதையேதான் சொல்வான். வந்த புதிதில் எனக்கு இது விநோதமாக இருந்தது. எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் நலம் கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்போம். ஓடினால் போதும், அதுவே நலம்.

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் எனக்கு வேலை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்புதான் படித்தேன். இயந்திரம் அதிர்வதை வைத்து அதன் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கம்பெனியே கற்றுக்கொடுத்தது, எங்கள் மாரியாத்தா புண்ணியம். இப்போது பராமரிப்பு ஆட்களுக்கு அதை நான் சொல்லித் தருகிறேன். காந்தத்தில் ஒட்டும் சென்சாரை பேரிங் மேல் வைத்தால் மீட்டரில் கோடு ஏறி இறங்கும். ஷாஃப்ட் கோணியிருந்தால் ஒரு விதம், பேரிங் தேய்ந்திருந்தால் வேறு விதம். படிக்க வருபவர்களில் சாலிம் இந்த ஊர்க்காரர், என் வயதுதான், தாடி நரைத்தவர். ஒரு நாள் ஓடுகிற பம்பைப் பார்த்து முடித்ததும், பக்கத்தில் சும்மா நின்ற மாற்றுப் பம்பிலும் சென்சாரை வைக்கச் சொன்னேன். இந்தியும் அரபியும் கலந்த எங்கள் பொதுப் பேச்சில் அவர் கேலி செய்தார். "ரஃபீக், அது தூங்குது. தூங்குறவனுக்கும் வைத்தியம் பாப்பியா?" ரஃபீக் என்றால் இங்கே நண்பன்.

வைத்தார். கோடு ஆடியது. "மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார். கெடவில்லை. ஓடும் பம்பின் அதிர்வு தரை வழியாக நிற்கும் பம்புக்கும் போகிறது. ஓடுகிற பேரிங்கில் குண்டுகள் உருண்டுகொண்டே இருக்கும். நிற்பதில் குண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அடி வாங்கி வாங்கி அங்கேயே பள்ளம் விழும். அதனால் வாரம் ஒரு தரம் ஷாஃப்ட்டைக் கையால் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். இதைச் சொன்னதும் சாலிம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவி மாதம்மாள் வீடியோவில் வந்தாள். போனை சாமி மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஒகேனக்கல் தண்ணி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவள் இடது கை, எதையோ விரலில் உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது.

"கை என்னா ஆடுது?"

"ஒண்ணுமில்லைங்க. ஆத்தா வர்றான்னு சொல்றாங்க. பக்கத்து வூட்டு அக்கா நேத்து மஞ்சத் தண்ணி ஊத்துனாங்க."

"எப்ப இருந்து?"

"ஆடிக்கு முன்னயே. தூரத்துல இருக்கறவருக்கு எதுக்குன்னு சொல்லலைங்க. டாக்டருகிட்ட போயிறாதன்னு சொல்லிட்டாங்க, சாமி குத்தம் ஆயிரும்னு."

இதைக் கேட்டுச் சிரிக்கிற ஆள் நான் இல்லை. மாரியம்மன் பண்டிகையில் அவளுக்கு அருள் வந்து, அவள் கையால் நானே திருநீறு வாங்கிப் பூசியிருக்கிறேன். நோய் என்று சொன்னால் அந்தத் திருநீற்றையே துடைத்தெறிந்தது போல ஆகிவிடுமோ என்று பயந்தேன். சொல்லாமல் விட்டால் அவள் கையே போய்விடும். மறுநாள் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"மாதம்மா, பண்டிகையில ஆத்தா எப்படி வருவா?"

"பம்பை மேளம் அடிச்சா வருவா. உடம்பையே தூக்கிப் போடும். இதென்ன, நீங்க பாக்காததா?"

"மலையேறுன பொறவு?"

"அடங்கிரும்."

"மேளம் இல்லாம, ஒரு கைக்கு மட்டும் வந்து, மலையேறாமயே உக்காந்திருக்கறது யாரு? ஆத்தாளா?"

"மிஷினுக்குப் பாடம் எடுக்கறாப்பல எனக்கும் எடுக்கறீங்க" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"எம்மேல கோவிச்சுக்கட்டும். விளக்குப் போட்டுட்டு டாக்டருகிட்ட போ."

அரூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் பெரிய மகள் வந்து அவளைத் தருமபுரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு நோய், இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டர். போகாது, ஆனால் மாத்திரையால் பிடித்து வைக்கலாம் என்றாராம். நான் தூரத்தில் இருப்பதால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் படித்தவர், நம்புகிறேன். ஆனாலும் ஓடுவதன் அதிர்வை வாங்கிக்கொண்டு நின்ற அந்தப் பம்பு என் மனதை விட்டுப் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை. இங்கே எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். அங்கே மாதம்மாள் எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்குப் போயிருப்பாள். நான் டியூட்டியில் இருந்தேன். மாற்றுப் பம்பின் ஷாஃப்ட்டைத் திருப்பப் போனால், அடையாளத்துக்கு நான் அதில் போட்டிருந்த சாக்பீஸ் கோடு இடம் மாறியிருந்தது. தொழுகைக்குப் போகும் முன்பே சாலிம் வந்து திருப்பியிருக்கிறார்.

திரும்பி வந்தவர் கேட்டார், "வீட்டில் எப்படி?"

"தமாம்" என்றேன். மீட்டரைப் பார்ப்பது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மாதம்மாள் கூப்பிட்டாள். கோயிலிலிருந்து வந்துவிட்டாளாம், மாத்திரையும் போட்டுவிட்டாளாம். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"ஏதோ ஓடுது" என்றேன்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு பம்புகளுக்கும் நடுவில் நின்றேன். ஒரு கையை ஓடுவதன் மேலும் ஒரு கையை நிற்பதன் மேலும் வைத்தேன். இரண்டு கையிலும் ஒரே நடுக்கம்தான் இருந்தது.