சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

போன ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் பதினோரு விருந்தாளிகள். ஒருவரைக்கூட எங்களுக்கு முன்பின் தெரியாது. காரணம்... நான்தான்!

அண்ணன் மனைவி, எங்கள் மதினி, குற்றாலத்தில் பல சீசன் டியூட்டி பார்த்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர். சும்மா இருப்பாரா? ‘இன்று குளிக்கலாமா?’ என்று ஒரு இணையதளம் நடத்துகிறார். மெயின் அருவி, ஐந்தருவி என்று எதைத் தொட்டாலும், அங்கே குளிக்க அனுமதி உண்டா என்று சொல்லும். செய்து கொடுத்தது நான். எந்த அருவியை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதும் டேட்டாபேஸில் பதிவாகும். அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பதில் மதினிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாயிறு காலை அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை. மதினி உடனே தளத்தில் போட்டுவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் தொட... தளம் படுத்துவிட்டது.

சிவகிரியிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் மெயின் அருவியிலிருந்து மதினிக்குப் போன் செய்தது.

“உங்க பக்கம் சுத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. சரி, போய்ப் பாப்போம்னு கிளம்பிட்டோம். இங்கன பிள்ளைக அழுதுக்கிட்டு நிக்கு.”

மதினியின் முகம் வாடிவிட்டது. “அங்கனயே நிக்காதீங்க. தென்காசிக்கு வாங்க, வீட்டுல சாப்பிட்டுப் போலாம்” என்றார். வந்தார்கள். சாப்பிட்டார்கள். அவர்கள் கிளம்பியதும் என்னை உட்கார வைத்தார்.

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு கிளிக்கையும் டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகுதான் பதில் தெரியும்படி செய்திருந்தேன். அது போதாதென்று, மொத்த எண்ணிக்கையைக் காட்ட ஒவ்வொரு தடவையும் முதல் கிளிக்கிலிருந்தே எண்ண வைத்திருந்தேன்.

“எண்ணுறதையே எடுத்துருவோம் மதினி.”

“எடுக்கவா? எந்த அருவிக்குக் கூட்டம் கிளம்புதுன்னு அதை வச்சுத்தானே தம்பி டியூட்டில நிக்கிற போலீஸ் பிள்ளைகளுக்குச் சொல்லுதேன்! அருவிக்கு வரிசையா ஆள் விடுத கயித்தடியில ஒவ்வொருத்தனையா நிறுத்திப் பேரு எழுதுனா என்ன ஆவும்? முதல்ல ஆளை விடணும். நோட்டுல பொறவு எழுதிக்கிடலாம்.”

அதையே செய்தேன். முதலில் பதில். கிளிக்குகள் ஓரமாகச் சேர்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக டேட்டாபேஸுக்குள் போகும். மொத்த எண்ணிக்கை தனியே ஓரிடத்தில் — புதிதாக வருவதை அதோடு கூட்டினால் போதும்.

புதன்கிழமை மறுபடி தடை. தளத்தில் மறுபடி கூட்டம். பக்கம் பட்டென்று திறந்தது! எண்ணிக்கை மட்டும் நின்று நின்று தாவியது.

“வேன் வேனா வந்து இறங்குதாவ தம்பி!” — தாவும் எண்ணைப் பார்த்து மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு ஏமாந்துபோய் ஒருவரும் போன் செய்யவில்லை.

வந்தவர்களை எண்ணுகிற அவசரத்தில் வந்தவரையே காக்க வைத்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் மட்டுமா?

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா இருப்பலே! எண்ணிக்கை ஏறாம நிக்குற அந்த ஒரு நிமிசத்துலதான் உங்க மதினி என்னையத் திரும்பிப் பாக்கா.”