பாலம் நகர விட்ட இடம்

வேலையிடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சீச்சி'. பாலங்களின் அடிப்பகுதியைப் பரிசோதிக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. தூக்குக் கூண்டில் ஏறித் தூணின் உச்சியை எட்டிப் பார்த்ததும் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான்.

வராமல் என்ன செய்யும்? நிலம் நடுங்கினால் பாலம் முறியாமல் அசைந்து கொடுக்க, ஒவ்வொரு தூணின் தலையிலும் கனத்த ரப்பர் திண்டுகள் வைத்திருந்தார்கள். ஆட்டத்தை அடக்குவதற்கு, பைக்கில் இருக்கும் ஷாக் அப்சார்பர் போலவே, ஆள் நீளத்துக்கு எண்ணெய் உருளைகள். அத்தனையின் மேலும் புறா எச்சம் அடையடையாக அப்பிக் கிடக்கும். வண்டியில் போகிறவர்கள் விட்டெறிந்த டயப்பர், மீன்குடல், புழு நெளியும் சோற்றுப் பொட்டலம். எல்லாவற்றையும் வழித்தெடுத்த பிறகுதான் திண்டில் வெடிப்பு இருக்கிறதா, உருளையில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க முடியும். வீட்டில் அவள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பாலம் முடிகிற இடத்தில், தளத்துக்கும் கரைச்சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நடுக்கத்தில் பாலம் முன்னும் பின்னும் போய்வர விட்டது. ஒருநாள் அங்கே ஏறியவள் செங்கல்லைப் பார்த்தாள். யாரோ சுவரடி மேடையைப் பரணாக்கி, மழை ஒழுகாமலிருக்க இடைவெளியை இறுக அடைத்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பரண் நிறையப் பழைய சோபாக்கள். கீழே கடை போட்டுப் பழைய சோபா விற்பவர் அவளுடைய சொந்த அண்ணன்.

கடை வாசலில் பல் குத்திக்கொண்டே அவர் கேட்டார். "ஏம்மா, பாலம் என்ன எழுந்து நடக்கவா போகுது?"

"நடக்கணும்ண்ணே. அதுக்குத்தான் எடம் விட்டிருக்கு."

அவர் சிரித்தார். அவள் மேலதிகாரியிடம் போனாள். குடும்பச் சண்டையைப் பாலத்தின் மேல் ஏற்றாதே என்று அவர் அறிவுரை சொன்னார். அவர் சாய்ந்திருந்த சோபா எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது பார்த்ததுமே அவளுக்கு விளங்கியது. வாசலைத் தாண்டியதும் வாயிலிருந்து 'சீச்சி' வந்தது.

மறுநாள் தன் ஆட்களைக் கூட்டிப்போய் அவளே இடித்தாள். செங்கல் சரிந்ததும் எலிக்குஞ்சுகளும், மூத்திரம் நிரப்பிய பாட்டில்களும் உருண்டு வந்தன. கூடப் பிறந்தவளா நீ என்று அண்ணன் கீழேயிருந்து கத்தினார். அம்மா போனில் அழுதாள். மேலதிகாரி விளக்கம் கேட்டார்.

அந்த விளக்கத்தை அவள் எழுதி முடிக்குமுன் ஒரு பிற்பகலில் ஊரே குலுங்கியது. பாலம் ஊஞ்சல்போல ஆடி, நின்றது. ஒரு வண்டியும் விழவில்லை.

உடனே ஏறிப் பார்த்தாள். ஆட்டத்தை அடக்கிய உருளைகள் தொட்டால் சுட்டன. தளம் உரசி வந்த தடம், செங்கல் இருந்த இடத்துக்குள் ஒரு முழம் போயிருந்தது. அண்ணனைக் கூண்டில் ஏற்றி அதைக் காட்டினாள். அந்தச் செங்கல் இருந்திருந்தால் பாலம் அதில் மோதித் தூணைவிட்டு நழுவியிருக்கும், விழுவது கடையின் தலையில்தான் என்றாள்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"சரி, அதான் வந்துட்டுப் போயிடுச்சே. இனிமே கட்டிக்கலாம்ல?"

அவள் கூண்டை இறக்கச் சொன்னாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதிப்பதில்லை. அந்தப் பக்கம் பரிசோதனைக்குப் போகும்போது அவர் வணக்கம் வைக்கிறார். அவள் குழாயைத் திறந்து மேடையைக் கழுவுகிறாள்.