அறுபத்தோராவது நாற்காலி

நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு உட்கார நேரம் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் நானும் கூட்டாளி காதரும் அந்தக் கடையை நடத்தினோம். பந்தலுக்கு நாற்காலி சுமந்த தோள் உங்களுக்கும் இருந்தால், நான் பட்ட பாடு புரியும்.

சும்மா வந்தது

மெட்ராஸிலிருந்து கப்பலில் அறுபது மடக்கு நாற்காலி வரவழைத்தோம். அறுபது நல்ல பிள்ளை. இரண்டிலிருந்து ஆறு வரை எப்படிப் பிரித்துப் போட்டாலும் வரிசை நிறையும். ஜெட்டியில் இறக்கி எண்ணினால் அறுபத்தொன்று! விற்றவர் பிரியப்பட்டு ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தார். நான் பூரித்துப் போனேன். காதர் மட்டும் முகத்தைச் சுளித்தான்: "சும்மா வந்தது சும்மா இருக்காதுண்ணே."

தனிக்கட்டை

முதல் வாடகை ஓர் அலுவலகப் பிரிவுபசார விழா. பெங்காலி ஹெட் கிளார்க்குக்கு வாடகைக்கு எடுத்த அறுபத்தொன்றையும் போட்டாக வேண்டும், வரிசையும் நூல் பிடித்தது போல் இருக்க வேண்டும். ஆறாறாகப் போட்டோம், ஒன்று மிச்சம். ஐந்தைந்தாக, ஒன்று மிச்சம். நான்கு, மூன்று, கடைசியில் இரண்டிரண்டாகக்கூடப் போட்டுப் பார்த்தோம். மிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்களிடம், அந்த ஒற்றை நாற்காலி யாருடையது என்று கேட்டார்: "அரே பாய், யே ஏக் குர்சி கிஸ்கா ஹை?"

சிம்மாசனம்

கராச்சர்மாவில் ஒரு கல்யாணம். மிஞ்சியதை மரியாதையாக முன்னால் போட்டுவைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜம்மென்று போய் உட்கார்ந்துவிட்டார். வந்தது வினை! பெண்ணின் தாய்மாமன் கை நனைக்காமலே பஸ் ஏறிப் போய்விட்டார். பேச்சு ஊரெல்லாம் பரவி இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. இன்னொரு சண்டை வந்தால் கடையை விற்றுவிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான் என்று என் மனைவி ராஜம் சொல்லிவிட்டாள். எனக்கு இந்தத் தீவை விட மனசில்லை. ஆனாலும் அந்த மாமா பஸ் படியில் நின்று கத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது: "அவருக்கு மட்டும் தனி நாற்காலியோ? அவரு என்ன தீவை ஆளுற சீஃப் கமிஷனரா?"

ஆறும் ஐந்தும்

அடுத்து பள்ளி ஆண்டு விழா, பிள்ளைகளின் நாடகத்தோடு. கணக்கு டீச்சர் அழைத்திருந்தது சரியாக அறுபத்தொரு பேரை. எல்லாரும் உட்கார வேண்டும், யாரும் ஒதுங்கித் தெரியக் கூடாது என்றார். கடையை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன்.

காதர் முதல் வரிசையில் ஆறு போட்டு, என்னை உட்காரவைத்து, பின்னாலிருந்து பார்த்தான். என் தலை மேடையை மறைத்தது. என்னைத் திட்டிக்கொண்டே இரண்டாம் வரிசையை இடைவெளிகளுக்கு நேராகப் போட்டான். ஆறு நாற்காலிக்கு நடுவே ஐந்து இடைவெளிதானே, ஐந்துதான் பிடித்தது. அதன் பின்னால் ஆறு, மறுபடி ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தோம். பதினோராவது வரிசையில் ஆறாவதை விரித்துவிட்டுத் திரும்பினால், மிச்சம் ஒன்றுமே இல்லை! காதர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். டீச்சர் வரிசைகளை எண்ணிப் பார்த்துச் சிரித்தார்: "ஆறாறு முப்பத்தாறு, ஐயஞ்சு இருபத்தஞ்சு. அறுபத்தொண்ணு பகா எண்ணுங்க, சம வரிசையில அடங்காது. நாற்காலி மேல தப்பில்ல, நேரா போட்ட உங்க மேலதான்."

அறுபத்தொரு பேரும் உட்கார்ந்து பார்த்த அந்த நாடகத்தை, விற்காமல் தப்பிய கடையின் முதலாளிகள் இருவரும், சாய்ந்துகொள்ள ஆளுக்கொரு தூண் கிடைத்த சந்தோஷத்தில் நின்றபடியே பார்த்தோம்.